போட்டுப் பார்க்கிற கடை

"மூச்சை இழுத்துப் பிடிங்க!"

கிளெனிஸ் முட்டி போட்டு, பல்லைக் கடித்து, அவனுடைய முதுகு ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது.

"அக்கா, கையைத் தூக்க முடியல."

"தூக்காதீங்க. கிழிஞ்சா என் தலையிலதான் விடியும்."

ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் கடற்கரைத் தெருவில், கடல் குளிருக்கு உடம்போடு ஒட்டப் போடுகிற ரப்பர் உடையான வெட்சூட் விற்கிறவள் கிளெனிஸ். வந்திருந்தவன் செமிசி, டோங்கா தீவுக்காரன். தோள் கதவு அகலம், இடுப்போ பள்ளிக்கூடப் பையன் இடுப்பு. தோளுக்குச் சரியானது இடுப்பில் தொளதொளத்தது. இடுப்புக்குச் சரியானது தொடையைத் தாண்டி ஏறவே இல்லை.

"லேசாத் தொளதொளன்னு இருந்தா என்ன, அழகு குறைஞ்சுடுமா?"

"ஜில்லுனு தண்ணி உள்ள பூந்துடும்க்கா. போன சனிக்கிழமை மகளுக்கு அலைச்சறுக்கு வகுப்பு. பெத்தவங்க கூடவே தண்ணியில நின்னாத்தான் சொல்லித் தருவாங்க. குளிர் தாங்காம நான் பாதியில ஓடி வந்துட்டேன். அவளையும் கரையேத்திட்டாங்க. நாளைக்கும் அப்படி ஆச்சுன்னா அவ என்கிட்ட பேசவே மாட்டா."

கிளெனிஸுக்கு மனசு இளகிவிட்டது. புது சிவப்பு ஷூவோடு ஏணியில் ஏறி, மேல் தட்டைக் குடைந்து, அக்குளில் நன்றாக இழுபடுகிற துணி வைத்துத் தைத்த ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"காலுக்கு இந்த பிளாஸ்டிக் பையை மாட்டிக்கிட்டு நுழைங்க. வழுக்கிட்டுப் போகும்."

போனது. ஜிப் கழுத்துவரை ஏறியது. செமிசி கையை வீசினான், குனிந்தான், நிமிர்ந்தான். எங்கும் இறுக்கவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அப்புறம் போனை எடுத்து, கழுத்துப் பட்டையில் இருந்த பெயரையும் அளவையும் படம் பிடித்தான்.

கிளெனிஸுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அதானே பார்த்தேன்! இங்க போட்டுப் பார்க்கிறது, போன்ல சல்லிசா வாங்கிக்கிறது! முட்டி தேய உங்களுக்கு மாட்டிவிட நான் என்ன வேலைக்காரியா? ஆளாளுக்கு இப்படிப் பண்ணித்தான் இந்தக் குளிர்காலத்தோட கடையை மூடப்போறேன். வெட்கமா இல்ல?"

செமிசி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பணம் கட்ட பேங்க் கார்டை நீட்டினான்.

"இதைக் கட்டிக் குடுங்கக்கா. படம் எங்க தம்பிங்களுக்கு. அவங்களுக்கும் இதே தோள்தான், எங்கயும் கிடைக்காம அலையறாங்க. இங்க வந்து வாங்கச் சொல்றேன்."

கிளெனிஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மன்னிச்சுக்குங்க தம்பி. பட்ட பாடு அப்படிப் பேச வச்சிடுச்சு."

"பரவால்லக்கா. நாங்களும் கடை வச்சிருக்கவங்கதான்."

பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி அவள் காலைப் பார்த்தான்.

"ஷூ சரியா இருக்காக்கா?"

"கச்சிதமா இருக்கு. இன்னிக்குக் காலையிலதான் பார்சல்ல வந்துச்சு."

"நல்லதா போச்சு. எதிர்ல ஷூ கடை வச்சிருக்காளே மெலே, அவ என் பொண்டாட்டி. போன வாரம் உங்களுக்கு ஏழெட்டு ஜோடி மாட்டிவிட்டா. நான் பின்னாடி பெட்டி அடுக்கிட்டிருந்தேன். நீங்க பெட்டியைப் படம் எடுத்துட்டுப் போனதுலேருந்து அவளுக்கு ஒரே கவலை, சுண்டுவிரல் கடிக்குமோ என்னவோன்னு. கடிக்கலையாம்னு சொல்லிடறேன்."