குறையாத டிரம்

குப்பை டிரம்மைக் கவிழ்த்தே பார்த்துவிடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

கேண்டீனின் பின்புறம், பாத்திரம் கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாயை விரித்தார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ரப்பர் கையுறையை மாட்டினார்.

"வேணாம் சார், நாறும்" என்றாள் கேண்டீன்காரம்மா, அடுப்படி வாசலில் நின்றபடி.

"நாறட்டும். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

பல்கலைக்கழகப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் தராசு. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலையும் நேரத்தில், கொக்கித் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். "தராசு வந்துட்டாருடா, தட்டை வழிச்சுத் தின்னு" என்று யாராவது கிசுகிசுப்பது காதில் விழும். அவருக்கு அதில் கோபம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

வளாகத்தில் குப்பையைக் குறைக்கும் திட்டம் வந்ததிலிருந்து இந்த எடை போடும் வேலை. கழிவு அளவுக்குள் இருக்கும் கடையில் மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்தால் போதும். அளவை மிஞ்சினால் தினமும் பார்க்க வேண்டும்.

நூலகத்துக் காபிக் கடையில் கழிவு மளமளவென்று குறைந்தது. சட்டத்துறை வாசலில் இருந்த பழச்சாறுக் கடையில் பாதிக்குப் பாதி குறைந்தது. இந்த ஒரு கேண்டீன் மட்டும் குறைவேனா என்றது.

இத்தனைக்கும் கேண்டீன்காரம்மா கெட்டிக்காரி. காலிஃபிளவர் தண்டைக்கூடக் கீழே போடமாட்டாள், அது சூப்பாகிவிடும். காய்ந்த ரொட்டி தூளாகி மறுநாள் கட்லெட்டின் மேல் ஏறிவிடும். அப்படிப்பட்டவளின் டிரம் எப்படித்தான் நாள் தவறாமல் விளிம்பு தட்டுகிறதோ!

நாள் தவறாமல் வருவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் வானொலிதான் துணை. இங்கே வந்தால் ஒரு டீ கிடைக்கும். வெளியூரில் இருக்கும் மகன் போன் செய்வதே இல்லை என்று அவள் பொரிந்து தள்ளுவாள். செத்துப்போன கணவரின் குறட்டையை அச்சு அசலாக விட்டுக் காட்டி, தானே சிரித்து, தானே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எடை போட்டு முடித்து வெகுநேரம் ஆன பிறகும் தராசு ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் இப்போது புது விதி ஒன்று வந்திருந்தது. பருவத்தேர்வு முடிவதற்குள் கழிவைக் குறைக்காத கேண்டீனை வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டுமாம். அதை எழுதியவன் கையை உடைத்தால் என்ன என்று நேற்று முழுக்க அவருக்கு ஆத்திரமாக வந்தது. தேர்வு முடிய இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

டிரம்மைச் சாய்த்தார்.

முதலில் உருளைக்கிழங்குத் தோல் சரிந்து விழுந்தது. வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசு. அவள் கை சீவியதுதான், சந்தேகமே இல்லை.

அதன் பின்னால் ஈரமண் போல, கருகருவென்று ஏதோ பொதபொதவென விழுந்தது. குனிந்து முகர்ந்தார்.

காபிச் சக்கை.

இங்கே டீ மட்டும்தான். காபி கேட்கிற பிள்ளைகளை, "அதுக்கு நூலகத்துக்கு ஓடு" என்று அவளே விரட்டுவதைப் பலமுறை கேட்டிருக்கிறார்.

ஒரு குச்சியை எடுத்துக் கிளறினார். அடியிலிருந்து ஆரஞ்சு மூடிகள் உருண்டு வந்தன. பிழிந்து சக்கையானவை, ஒரு குவியல்.

நூலகத்தில் குறைந்ததும் சட்டத்துறையில் குறைந்ததும் எங்கே வந்து சேர்ந்தன என்று அவருக்கு விளங்கிவிட்டது. அந்த இரண்டு கடைக்காரர்களையும் மேடையில் ஏற்றிக் கைதட்டினார்கள். அவரும்தான் தட்டினார், உள்ளங்கை சிவக்க.

உருளைக்கிழங்குத் தோலை மட்டும் தனியே ஒரு பையில் அள்ளித் தராசில் மாட்டினார். முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை.

நியாயமாகக் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்தான் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

"இது ஊரார் குப்பையால்ல இருக்கு?" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த கரண்டியை மறுபடி கழுவினாள்.

"கேட்டேன், குடுத்தாங்க. குறைஞ்சுட்டா மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவீங்களாமே."

"அதுக்காக? கேண்டீனே கைவிட்டுப் போயிருக்கும்மா!" கண்டிப்பாகச் சொல்ல நினைத்தது, வெளியே வரும்போது கெஞ்சலாக வந்தது.

"அதெல்லாம் போகாது. எனக்குத் தெரியும்."

உள்ளே போய் டீ எடுத்துவந்து நீட்டினாள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார். எடை போட வேலை இல்லாவிட்டாலும் நாளைக்கு வருவேன் என்று சொல்ல நினைத்தார். வாய்வரை வந்த அதை டீயோடு சேர்த்து விழுங்கினார்.

அவள் படியில் உட்கார்ந்தாள். இப்போது நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"காபிக் கடைக்குப் போனப்ப ஒண்ணு சொன்னாங்க. அங்கெல்லாம் எடை போட உங்க ஆபீஸ் ஆளுங்கதான் வர்றாங்களாம். வளாகத்துல எந்தக் கடைக்கும் அவங்கதானாம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "இங்க மட்டும் எதுக்கு சார் விதி எழுதற டைரக்டரே தராசைத் தூக்கிக்கிட்டு வர்றாரு?"

டைரக்டருக்குப் புரையேறியது.

அவள் எழுந்து வந்து அவர் உச்சந்தலையில் மெல்லத் தட்டினாள். இருமல் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.