ஆயில் குறையாத லாரி

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

ஆயில் மேல் கோட்டைத் தொட்டு நின்றது.

"பாத்துக்கங்க மொதலாளி. ஒரு சொட்டு குறையலை."

முதலாளி காமராஜ் கம்பியைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற அருண்பாண்டியைப் பார்த்தார்.

அவன் தலையைக் குனியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மூன்று மாதமாக வேலையில்லாமல் திரிகிறவனுக்கு என்ன நிமிர்வு வேண்டிக்கிடக்கிறது!

திண்டுக்கல் பைபாஸில், லாரி வாங்கிய கம்பெனியின் ஒர்க்‌ஷாப் அது. நாளையோடு இன்ஜினுக்கு ஒரு வருஷ வாரண்டி முடிகிறது.

பதினெட்டு வருஷம் இந்த முதலாளியின் பழைய லாரியை ஓட்டியவன் நான். கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பாலக்காடு வரைக்கும் தக்காளி கொண்டுபோனவன். புது லாரிக்குத் தாடிக்கொம்பு கோயிலில் பூஜை போட்ட அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் நான்தான். சாவி மட்டும் அருண்பாண்டி கைக்குப் போனது.

முன்னால் டிவி மாதிரி திரையாம், ஏசி கேபினாம். படித்த பையன்தான் சரிப்படுவானாம்.

வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் கேபினுக்குள் அனல் இரண்டு மடங்கு அடித்தது.

ஆறு மாதம்தான். புது லாரி ஆயில் குடிக்க ஆரம்பித்தது.

வாரம் ஒரு லிட்டர் குறைந்தது. கீழே ஒழுகவும் இல்லை. நாலு தடவை இதே ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்தார்கள். வாஷரை மாற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், புது இன்ஜின் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எரிந்த வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

ஒரு நாள் டீக்கடையில் முதலாளி காதில் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். "வண்டி குடிக்குதா, வண்டிக்காரன் விக்கிறானான்னு பாருங்க."

அவன் விற்றானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே சாவி என் கைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ரெட்டியார்சத்திரம் பக்கம் யாரும் அருண்பாண்டியைக் கிளீனராகக்கூட ஏற்றவில்லை.

நானோ மூன்று மாதமாக அதே லாரியை ஓட்டுகிறேன். ஆயிலுக்கென்று ஒரு நாளும் முதலாளியிடம் கை நீட்டியதில்லை. அவன் திருடன்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் பயல் விடவில்லை. வாரண்டி முடிவதற்குள் கம்பெனியில் வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டான். முதலாளியும் என்னிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். குறை இன்ஜினில் என்றால் கம்பெனி வேறு இன்ஜின் போட்டுத் தரட்டும், லாரி அருண்பாண்டிக்கே திரும்பும். குறை இல்லையென்றால் அவன் இனி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

சர்வீஸ் பார்க்கும் விக்னேஷ்குமார் என் கையிலிருந்த கம்பியை எட்டிப் பார்த்தார். குறை எதுவும் இல்லை என்று எழுதித் தந்துவிடும்படி சொல்லி, முதலாளியைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போனார்.

அருண்பாண்டி லாரிக்குப் பக்கத்தில் வந்தான்.

இன்ஜின் முழுக்கப் புழுதி அப்பிக் கிடந்தது. ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றி மட்டும் தூசி இல்லை. அந்த இடத்தில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது.

"வாரத்துக்கு எம்புட்டுண்ணே ஊத்துறீங்க?"

மெதுவாகத்தான் கேட்டான். இதே மூடியை மூன்று மாதம் திறந்து மூடியவனிடம் நான் என்னத்தைச் சொல்லி மழுப்புவது?

"மூணு லிட்டரு."

முதல் வாரம் ஒன்று. அப்புறம் இரண்டு. எல்லாம் என் படிக்காசில் வாங்கியது, முதலாளி கண்ணில் படாமல் வழியில் நிறுத்தி ஊற்றியது. குறைகிறது என்று நான் வாயைத் திறந்தால் சாவி கைமாறிவிடுமே.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்கண்ணே. நீங்க சொல்லுங்க. எம்புள்ளைய பள்ளிக்கூடத்துல திருடன் மகன்னு கூப்புடுறாய்ங்க."

கண்ணாடிக் கதவு திறந்தது. முதலாளி கையில் பேனாவோடு தலையை நீட்டினார்.

"ஏப்பா தங்கமுத்து, வண்டியில குறை ஒண்ணும் இல்லையில்ல? கையெழுத்துப் போட்டுறவா?"

கேபினை அண்ணாந்து பார்த்தேன். டிரைவர் சீட்டில் என் துண்டு கிடந்தது. அங்கே மறுபடி இவன் துண்டு கிடப்பதை நினைத்துப் பார்த்தேன்.

"ஒரு குறையும் இல்ல மொதலாளி. போடுங்க."

அருண்பாண்டி கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் பேண்ட்டில் விரலைத் துடைத்துக்கொண்டு பைக்கை எடுத்தான்.

"மலை ஏறும்போது பாத்துப் போங்கண்ணே. இன்ஜின் சடக்குனு நின்டுரும்."

அவ்வளவுதான் சொன்னான்.

போகிறவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை போய், பேர் போய், பெட்ரோலுக்கும் காசில்லாமல் போகிறவன். அவனைப் பார்த்து எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஒட்டன்சத்திரத்தில் லோடு ஏறுவதற்குள் நான் மூன்று லிட்டர் ஆயில் வாங்கியாக வேண்டும்.