மழைக்கு வளரும் மலை

"எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னே சந்தேகமா இருக்குக்கா. அந்த மலை நம்ம பழைய வீட்டுக்கு வடக்கேயா, கிழக்கேயா?"

"மேலே," என்றாள் அக்கா. "கீழே இருந்தா அதுக்குப் பேரு பள்ளம்."

தம்பி சிரிக்கவில்லை. இன்னும் அரை மணி நேரத்தில் அருங்காட்சியகத்து மேடம் வந்துவிடுவார். அவன் கையால் செய்த புத்தகங்களில் பதினொன்று ஏற்கெனவே பரணில் தூங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரே பிரதி. பழைய சட்டைகளைக் கிழித்து, ஊறவைத்து, அரைத்து அவனே காகிதம் செய்வான். அவனே வரைவான், அவனே தைப்பான், கடைசியில் அவனே படிப்பான். வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

பன்னிரண்டாவதுதான் மேடத்தின் கண்ணில் பட்டது. சின்ன வயதில் பார்த்த ஒரு மலை, அதில் கல்லாகிப்போன ஒரு பெண். 'நிலமும் நினைவும்' கூடத்தில் வைக்கலாம் என்றார். ஒரே நிபந்தனை, மலை நிஜ மலையாக இருக்க வேண்டும். பார்த்தவர் ஒருவர் இடத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா, அம்மா இல்லை. அக்கா இருக்கிறாள். அதிலும் நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வரைபடம் வரைபவள். தரையில் இல்லாத கோட்டைக் காகிதத்தில் போடாதவள். இதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும் என்று தம்பி பூரித்துப்போயிருந்தான்.

"இதுவும் போச்சுன்னா அட்டைப்பெட்டி கம்பெனிக்கே திரும்பிப் போயிடறேன்க்கா. என் இடம் இன்னும் காலியாத்தான் இருக்காம்."

"போயேன். அந்தப் பெட்டியைத் திறந்தா உள்ளே ஏதாவது இருக்கும்."

சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்கு உடனே தோன்றியது. அவன் ஒரு காலை லேசாக இழுத்தபடி மேசையைத் துடைக்கப் போனான். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தான்.

அக்கா புத்தகத்தைப் பிரித்தாள். மடிப்பு மடிப்பாக அது மேசையின் மறுமுனை வரை நீண்டது. பக்கத்துக்குப் பக்கம் பழுப்பு மலை, ஓரம் மட்டும் கறுத்து. டீத் தண்ணீரிலும், துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரிலும் நனைத்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தானாம். தண்ணீர் எடுக்கப் போனவள், பின்னால் கேட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்துக் கல்லானாள் என்று எழுதியிருந்தான். மழைக்காலத்தில் மலை வளரும், அவள் குடம் நிரம்பிச் சொட்டும், அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரும் என்று எழுதியிருந்தான். அக்கா என்னை முதுகில் சுமந்து உச்சிவரை ஏறினாள் என்றும் எழுதியிருந்தான்.

"முதுகுல ஏறினது ஞாபகம் இருக்கு, திசைதான் மறந்துபோச்சா துரைக்கு?"

"நாலு வயசுக்கா எனக்கு."

அவள் மலையின் கறுத்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். அந்த மலையை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை.

மேடம் வந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தொடுவதுபோல் பக்கங்களைத் தொட்டார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"கவனிச்சீங்களா? எல்லாப் பக்கத்துலயும் அந்தப் பையன் மலையைக் கீழேயிருந்துதான் பார்க்கிறான். ஒரு மரம் இல்ல. வானமே இல்ல. எவ்வளவு துணிச்சல்!"

"நீலம் தீர்ந்துபோயிருக்கும்," என்றாள் அக்கா.

மேடம் அதையும் குறித்துக்கொண்டு, படிவத்தை நீட்டினார். "நீங்க இந்த மலையை உண்மையிலேயே பார்த்திருக்கீங்களா?"

இப்போது நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி நிறுத்தினான். அக்கா பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"பார்த்திருக்கேன். தினமும். மழை வந்தா அதைப் பார்த்து எங்கம்மா அழுவாங்க."

"மண்ணோட அப்படி ஒரு பிணைப்பு," என்றார் மேடம்.

தெரு, தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி, ஒரு புள்ளி என்று அக்கா இடத்தைக் குறித்தாள். மலைக்கு ஒரு புள்ளிதானா என்று மேடம் கேட்டதற்கு, அளவுகோலைப் பொறுத்தது என்றாள். உயரம் என்ற கட்டத்தில் மட்டும் தயங்கினாள். பிறகு, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக, எண் போடாமல் எழுதினாள்: நாலு வயதுப் பையனுக்கு எட்டாத உயரம்.

"இப்போ எப்படி இருக்கு மலை?"

"இல்லைங்க. இடிச்சுட்டாங்க. அங்க இப்ப வண்டி நிறுத்தறாங்க."

மேடம் கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவிங்க. மலையைக்கூட விட்டு வைக்கல."

அவர் போன பிறகு தம்பி அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே."

"கூட்டிட்டுப் போனா மறுபடி முதுகுல ஏறுவே," என்றாள் அவள்.

புத்தகம் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதையும் யாரும் படிக்க முடியாது. மேடம் ஊர் ஊராகப் போய் 'அழிந்த மலைகள்' பற்றிப் பேசுகிறார், பேசும்போதெல்லாம் அழுகிறார். தம்பி அட்டைப்பெட்டி கம்பெனிக்குத் திரும்பவில்லை. மலைக்குப் பின்னால் இருந்த காட்டைப் பற்றி அடுத்த புத்தகத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறான். அக்கா அலுவலகத்தில், இல்லாத வரப்பை வரைந்துவிட்ட புதியவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

மலை? காலில் மாவுக்கட்டோடு எட்டு மாதம் மல்லாந்து கிடந்த தம்பி அழாமல் இருப்பதற்காக, கட்டிலில் பக்கத்தில் படுத்துக்கொண்டு பத்து வயது அக்கா விரல் நீட்டிக் காட்டிய அது, அந்த வாடகை வீட்டின் மொட்டைமாடி ஒழுகி, உட்கூரையில் ஊறிய ஈரக்கறை.