விடுதலைப் பத்திரம்

"காலஞ்சென்ற சொர்ணவேல் அவர்களின் மனைவி செல்வராணி ஆகிய நான்..."

"இன்னொருக்க வாசிங்க" என்றாள் அவள்.

பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை. திரும்ப வாசித்தார்.

மனைவி என்ற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் அத்தை, சொர்ணவேலின் அம்மா. அவளுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன். விவாகரத்துக்கு மனுப் போட்ட நாளிலிருந்து அவன் இவளை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்று காலையிலிருந்து ஆறு மதினி ஆகிவிட்டது. ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அண்ணன் போனதும் வீடு அம்மாவுக்கு என்றுதான் நினைத்திருந்தான். வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயரோடு இவள் பெயரும் வந்து நின்றது.

"தீர்ப்பு வரலல்லா? அதுவரைக்கும் பொண்டாட்டி பொண்டாட்டிதான்" என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

இரண்டு பேரும் சம்மதித்துப் போட்ட மனு அது. ஆறு மாதம் யோசித்துவிட்டு வாருங்கள் என்றது கோர்ட்.

அவள் யோசித்தாள்.

சொர்ணவேல் குளித்துவிட்டுக் காலைத் துடைக்காமல் வீடெல்லாம் நடப்பான். அந்த ஈரத்துக்காக எத்தனை சண்டை. அவள் போயிருந்த அம்மா வீட்டுத் தரை எந்நேரமும் உலர்ந்தே கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே அவள் ஏங்கிப் போனாள்.

கெடு முடிய எட்டு நாள் இருக்கும்போது அவன் போன் செய்தான்.

"பத்தொம்பதாம் தேதி வாரியா?"

"வாரேன்."

"சரி."

சொல்லிவிட்டு அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவனாவது வராதே என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

மூன்றாம் நாள் அவனுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விழுந்தடித்து ஓடினாள். தெருமுனையிலேயே கொழுந்தன் மறித்தான். அத்துவிட்டவளுக்கு இங்கே என்ன சோலி என்று கேட்டான். எந்த முறையில் உள்ளே போய் அவன் மேல் விழுந்து அழுவது?

அழாமலே பஸ் ஏறினாள். நாற்பத்தாறு நாளாகியும் அழுகை வரவில்லை.

பத்திரம் எழுதுகிறவர் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார்.

"...ஆகவே என் முழுச் சம்மதத்தின் பேரில் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்."

"விடுதலைன்னா?"

"உங்க பங்க விட்டுக்குடுக்கிறதும்மா. இந்தப் பத்திரத்துக்குப் பேரே அதுதான்."

"வீடு அத்தைக்குத்தான். அந்த வார்த்த மட்டும் வேண்டாம்."

"அத எடுத்துட்டா பத்திரமே கெடையாதே."

"ஒரு வார்த்தைக்குப் போயி எதுக்கு மதினி..." என்றான் கொழுந்தன். ஏழு.

அவள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"அவுககிட்ட இருந்து எனக்கு விடுதலை வேண்டாம்."

வெளியே சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

பத்திரம் எழுதுகிறவர் தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப தானமா எழுதுவோம். செலவு கூடும்."

கொழுந்தன் வாயைத் திறந்தான். அத்தை கையமர்த்தினாள்.

அவர் கம்ப்யூட்டரில் புதிதாக ஆரம்பித்தார். பெயர், வயது, கதவு எண். எல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுக் கேட்டால்தான் அவருக்குக் கை ஓடும். அத்தையிடம் திரும்பினார்.

"எழுதிக் குடுக்கிறவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அத்தை காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. இப்போது பார்த்தாள்.

"எம் மருமவ."

அவர் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினார். அவர் தட்டி முடிப்பதற்குள் அவள் மேசைமேல் கவிழ்ந்தாள். ஓவென்று குரலெடுத்து அழுதாள். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பத்திரம் எழுதுகிறவர் பதறி எழுந்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு இவங்களுக்கு?"

அத்தை அவள் முதுகில் கையை வைத்தாள்.

"அவ வீட்டுக்காரன் செத்துப் போயிட்டான்" என்றாள்.