தப்பே இல்லாத அட்டை

“தப்பு எங்கே? நான் குடுத்த தப்பெல்லாம் எங்கே போச்சு?”

பஞ்ச் ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஆம்ப்ரோஸ் சார் போட்ட சத்தத்தில், உர்சுலாவின் விரல்கள் மெஷின் மேலேயே நின்றுவிட்டன.

உலகத்தில் எல்லாரும் தப்பு வந்துவிட்டது என்றுதான் சண்டைக்கு வருவார்கள். தப்பைக் காணோம் என்று சண்டைக்கு வருகிறவர் சிங்கப்பூரிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அது 1967. அந்தக் கப்பல் கம்பெனிக்குப் பிரெஞ்சுப் பயணிகள் நிறைய. கவுண்டரில் வேலை பார்ப்பவர்களுக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுக்க, காரைக்காலில் படித்த ஆம்ப்ரோஸ் சாரை அமர்த்தியிருந்தார்கள். அவருக்குப் பாடம் நடத்துவது பாதி வேலைதான். மீதி ஆராய்ச்சி. பிரெஞ்சு இலக்கணத்தில் தமிழர் எங்கே தடுக்கி விழுகிறார், சீனர் எங்கே விழுகிறார் என்று கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடிப்பது.

அவர் சொல்லச் சொல்ல வகுப்பில் எழுதிய தாள்கள் பஞ்ச் ரூமுக்கு வரும். உர்சுலா ஒவ்வொரு வரியையும் அட்டையில் துளை துளையாகக் குத்துவாள். ரஷீதா அதே தாளைப் பார்த்து மறுபடி குத்திச் சரிபார்ப்பாள். கம்ப்யூட்டர் அட்டைகளை விழுங்கி, யார் எந்த இடத்தில் தப்பு விட்டார் என்று அச்சடித்துத் தள்ளும்.

கம்பெனி சும்மா இருக்குமா? பாதிக்கு மேல் தப்பு விட்டவருக்குக் கவுண்டர் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டது.

“பதினேழாம் நம்பர்” என்றார் ஆம்ப்ரோஸ். “ஒரு தப்புகூட இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. யார் பார்த்த வேலை இது?”

“தாள்ல இருந்ததைத்தான் சார் குத்தினேன்.”

“பொய் சொல்லாதே உர்சுலா, கோயிலுக்குப் போற பொண்ணு நீ. நீ ஒண்ணு குத்தி ரஷீதா வேற ஒண்ணு குத்தியிருந்தா மெஷின் நின்னிருக்கும். நிக்கலைன்னா ரெண்டு பேரும் கூட்டு!”

“சொல்லிடு லா” என்றாள் ரஷீதா, தலையை நிமிர்த்தாமலே.

“நாங்கதான் சார் திருத்தினோம்.”

“உங்களுக்கு ஏதும்மா பிரெஞ்சு?”

“ஒரு எழுத்து தெரியாது சார். சரியான விடைன்னு கட்டுக்கு மேல ஒரு தாள் வெச்சிருந்தீங்கல்ல? பதினேழுன்னு நம்பர் போட்டு அதைப் பார்த்து அப்படியே குத்திட்டோம்.”

ஆம்ப்ரோஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். “தப்புதான் என் ஆராய்ச்சியே, அதுல கை வைக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! எதுக்கு இப்படிப் பண்ணீங்க?”

“அது கண்மணி அக்கா தாள் சார். அவங்க புருஷன் பட்டறையில சாரத்துலேர்ந்து விழுந்து படுத்த படுக்கையா கிடக்கார். சின்னப் புள்ளைங்க வேற. அக்கா சம்பளம் வந்தாத்தான் அந்த வீட்டுல அடுப்பெரியும். தினமும் எங்களோடதான் சாப்பிடுவாங்க. பரீட்சை அன்னிக்குச் சோத்துல கை வைக்காம அழுதுட்டு இருந்தாங்க. எல்லாம் தப்பா எழுதிட்டேன், வேலை போயிடும்னு. நம்பரையும் அவங்கதான் சொன்னாங்க.”

“அதெல்லாம் எங்கிட்ட சொல்லாதே. எனக்கு நம்பர்தான் தெரியும், ஆள் தெரியாது. கம்ப்யூட்டருக்கும் புருஷன் தெரியாது, புள்ளை தெரியாது. அதனாலதான் அது நியாயமா இருக்கு.”

உர்சுலாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எழுந்தே நின்றுவிட்டாள்.

“அதுக்கு மனசு இல்ல, சரி. உங்களுக்குமா சார் இல்ல?”

அவர் அடங்கவில்லை.

“நல்லா பேசு! இப்ப என்ன ஆகியிருக்கு தெரியுமா? தப்பே இல்லாத ஆள் யாருன்னு மேனேஜர் துரைக்கு ஒரே சந்தோஷம். நாளைக்குக் காலையில பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டு அவரே பிரெஞ்சுல பேசப் போறாராம். பேசினா என்ன ஆகும்? பிரெஞ்சுல வணக்கம் சொல்லவே அந்தப் புள்ளைக்கு வேர்த்துக் கொட்டும். ஏமாத்துன்னு சொல்லி நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவார்!”

உர்சுலா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்லது செய்யப்போய் அக்கா தலையிலேயே கல்லைப் போட்டுவிட்டோமே!

ரஷீதாதான் மெல்லக் கேட்டாள். “ஆள் தெரியாதுன்னீங்க. வேர்த்துக் கொட்டும்னு எப்படி சார் தெரியும்?”

ஆம்ப்ரோஸ் சாருக்குக் குரல் இறங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அதை விடும்மா. உடனே பழைய அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டு, தாள்ல இருக்கறபடியே வேற குத்துங்க. அட்டை மாறிப்போச்சுன்னு துரைகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“தாள்ல இருக்கறபடி குத்தினா அக்காவுக்கு வேலை போயிடுமே சார்!” உர்சுலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“போகாதும்மா. ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடப் போகாம, அவ கையெழுத்து மாதிரியே எழுதிப் பழகி, முக்கால்வாசித் தப்பைத் திருத்திட்டுத்தானே உங்ககிட்ட குடுத்தேன்! யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு கொஞ்சம் விட்டு வெச்சா, ரெண்டு பேரும் சேர்ந்து அதையும் திருத்தித் தொலைச்சிட்டீங்களே!”