சுவரில் இருக்கும் டாக்டர்

டாக்டர் தேவசகாயம் முப்பது வருடம் தொலைக்காட்சியில் ஒன்றையே பொறுமையாக விளக்கினார்: நோயாளி தன் நோய்க்குத் தானே பெயர் வைத்தால் நம்பக் கூடாது. அவர் ஓய்வு பெற்றதும், அவருடைய முகத்தையும் குரலையும் வீட்டுக்கு வீடு சுவர்த்திரையில் கணினி டாக்டராக வைத்தார்கள். அந்த முகம் சம்மதித்தால்தான் ஆம்புலன்ஸ் வரும்.

இன்று காலை அவருக்கே நெஞ்சு வலித்தது, இடது கை மரத்துப்போனது.

"மாரடைப்பு. ஆம்புலன்ஸ் அனுப்பு" என்றார் திரையிடம்.

திரையிலிருந்த தேவசகாயம் கனிவாகச் சிரித்தார். "நீங்களே பேர் வைக்காதீங்க, ஐயா. பதறாம உட்காருங்க. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

அவர் வியர்வையோடு மனைவியிடம் திரும்பினார். "அந்த மூஞ்சியே என்னுதுடி, ரெஜினா! அதுக்கு என்ன தெரியும்? நீ ஒரு ஆட்டோவைக் கூப்பிடு."

ரெஜினா அவர் வாயை மெல்லப் பொத்தினாள். "கொஞ்சம் சும்மா இருங்க. டாக்டர் பேசிட்டிருக்காருல்ல?"