பால் கவரின் மூலை

சாக்கடையிலிருந்து வாரிய குப்பைச் சாக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தார்ப்பாயில் கொட்டியதும் இரண்டு சங்கத்தாரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அன்று காலை அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

பாயின் இந்தப் பக்கம் குடியிருப்போர் சங்கம். அந்தப் பக்கம் கடைக்காரர் சங்கம். நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றாள் தையல்காரி.

தெருவில் பிளாஸ்டிக்கை ஒழிக்கிறோம் பேர்வழி என்று மூன்று மாதம் முன்னால் இரண்டு சங்கமும் கைகுலுக்கிக்கொண்டு, சாக்கடை வாயில் ஒரு கம்பிவலை மாட்டின. குப்பை ஆற்றுக்குப் போகாதாம். போன வாரம் பெய்தது ஒரே ஒரு மழை. வலை அடைத்துக்கொண்டு, தண்ணீர் எதிர்த்து ஏறி, நேராகத் தையல்காரியின் முன்னறைக்குள் புகுந்தது.

அந்த முன்னறைதான் அவள் கடை. பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கையில், வெட்டி அடுக்கியிருந்த சீருடைத் துணியில் பாதி சாக்கடையில் ஊறிப்போயிற்று. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எதிரில் டீக்கடை. அந்த மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை பால் கவர் வெட்டுகிறார்! வேறு யார் வேலையாக இருக்க முடியும் என்று அவள் அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

கூட்டம் போட்டார்கள். வலையை அடைத்த குப்பை யாருடையதோ, அவர் கடை வைத்திருந்தால் கடைக்கு ஒரு மாதம் பூட்டு. கெஞ்சல், மன்னிப்பு எதுவும் கிடையாது. இந்த வரியை அவள்தான் வாயால் சொல்லி நோட்டில் எழுதவைத்தாள். டீக்கடைக்காரரும் வீம்புக்குக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது தெருவுக்கே தெரியும்.

அவள் கையோடு புதுப் பூட்டு ஒன்று கொண்டுவந்து பாயின் ஓரத்தில் வைத்திருந்தாள். சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். கழுத்தில் நாடா கட்டி ஜிக்ஜாக் கத்தரி தொங்கியது. நேற்றுத்தான் கூர் போட்டு வந்திருந்தது. வீட்டில் யாரோ எடுத்து எடுத்து மொண்ணையாக்குகிறார்கள். கேட்டால் கட்டிய புருஷன்கூட, அது எப்படி மொண்ணையாகிறதோ எனக்குத் தெரியாது என்கிறான். இனி நம்பி வைப்பதில்லை என்று காலையிலேயே மாட்டிக்கொண்டாள்.

ஹார்டுவேர் கடைக்காரர் குச்சியால் கிளறினார். பைகள் சொற்பம், பாட்டில் இரண்டோ மூன்றோ. வலைக் கண்களில் சொருகி அடைத்திருந்ததெல்லாம் நகத்தளவு நீலத் துணுக்குகள். இரண்டு கை கொள்ளும்.

"பால் கவர் மூலை! நான் சொன்னேனா இல்லையா?" என்று துள்ளினாள் தையல்காரி.

டீக்கடைக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. "அக்கா, முதல் கூட்டத்துல நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, மூலையை முழுசா வெட்டாதீங்க, ஒட்டிக்கிட்டே தொங்கட்டும்னு. அன்னைலருந்து அப்படித்தான் வெட்டுறேன். கடைக்கு வந்து பாருங்க."

"கதை அளக்காதீங்க அண்ணே. எடுங்க நோட்டை."

அவர் பக்கத்து ஆட்களே அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கள் கடை தப்பித்ததே என்றிருந்தது அவர்களுக்கு.

ஹார்டுவேர்காரர் மட்டும் ஒரு துணுக்கை வெளிச்சத்தில் பிடித்தார். "ஓரமெல்லாம் பல்லுப் பல்லா இருக்கே. எலி கடிச்சிருக்குமோ?"

"எலிக்கு வேற வேலை இல்ல, மூலை மூலையாத் தேடிக் கடிக்குது! கத்தரியில வெட்டினதுங்க இது. கொண்டாங்க இங்க."

வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

ஒரே அளவுப் பற்கள். ஒன்று ஏறி ஒன்று இறங்கி, வரிசை பிசகாமல். துணி ஓரம் பிரியாமல் இருக்க அப்படித்தான் வெட்ட வேண்டும். இருபது வருடமாக அவள் ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டுகிற ஓரம் அது.

இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. வலைக்கு மேலே, எட்டித் தொடும் தூரத்தில், அவள் வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் சாக்கடைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மேசையில் கிடக்கும் மிச்சச் சீருடைகள் கண்ணில் வந்து நின்றன.

துணுக்கைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"எலிதான் போல," என்றாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இத்தனை நேரம் ஆடிய ஆட்டம் என்ன, இப்போது இறங்கிய குரல் என்ன! டீக்கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் வீட்டு வாசலில் புருஷன் வந்து நின்றான். ஒரு கையில் பால் கவர்.

"ஏம்மா, உன் ஜிக்ஜாக் கத்தரியை எங்க வச்ச? எவ்வளவு நேரம் தேடுறது, பால் காய்ச்ச வேண்டாமா?"

எல்லார் கண்ணும் முதலில் கவருக்குப் போயிற்று. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அவள் கழுத்துக்கு வந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டீக்கடைக்காரர் குனிந்து பாயின் ஓரத்தில் கிடந்த புதுப் பூட்டை எடுத்தார். சட்டையில் அழுத்தித் துடைத்தார்.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு அக்கா?" என்றார்.